பல் மருத்துவத்தின் துணைத் தொழில்களும் நம் பிள்ளைகளின் படிப்பும்

கோடையில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியானதும் நம் அங்கத்தினர் வீடுகளில் ஒரே பேச்சாக எழுவது, பிள்ளையை அடுத்து எதில் சேர்ப்பது என்பதே. தறிக்குழியில் அமர்ந்திருப்பவருக்கும், புரட்டாசி மழையை எதிர்பார்த்து வானத்தை நோக்கியிருக்கும் கரிசற்காட்டு விவசாயிக்கும் இக்கவலை பொது. மருத்துவப் படிப்பு பலருக்கு எட்டாக் கனி. இரண்டே ஆண்டுகளில் ஒரு தொழிலைக் கைக்கொண்டு கௌரவமாக வாழத்தக்க வழி உண்டா என்று தேடுவோருக்கு விளம்பரங்கள் காட்டும் வழிகளுள் ஒன்று பல் மருத்துவ உதவியாளர் பயிற்சி. மற்றொன்று பல் சுகாதாரப் பயிற்சி. இவை யாவை, இவற்றில் என்ன கற்பிக்கப்படுகிறது, கற்றவருக்குச் சட்டம் அளிக்கும் நிலை யாது, எவ்விடத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நகையை ஈடு வைத்தும் சங்கத்தில் கடன் பெற்றும் சம்பளம் கட்டிய பின்னர் விசாரிப்பதைவிட, கட்டுவதற்கு முன்னரே விசாரிப்பது நலம் அன்றோ?

மூவகைப் பணியாளர்

பல் மருத்துவரின் அறைக்குச் சென்றவர்கள் அங்கு மருத்துவரைத் தவிர வேறு ஒருவரும் நிற்பதைக் கண்டிருப்பார்கள். நோயாளியை நாற்காலியில் அமர்த்துவது, கழுத்தில் துணி கட்டுவது, வேண்டிய கருவியை வேண்டிய கணத்தில் மருத்துவர் கையில் கொடுப்பது, வாயில் ஊறும் நீரை உறிஞ்சு குழாயால் அகற்றுவது, வேலை முடிந்ததும் கருவிகளைச் சுத்திகரிப்பது ஆகியவை அவருடைய பணிகள். நாம் பொதுவாக அவரை நர்ஸ் என்று அழைத்துவிடுகிறோம். அவர் நர்ஸ் அல்லர். பல் மருத்துவ உதவியாளர். அவர் மருத்துவருக்கு மூன்றாவது, நான்காவது கையாக விளங்குபவரே அன்றி, தாமாக நோயாளியின் வாயில் சிகிச்சை எதுவும் செய்பவர் அல்லர்.

பல் சுகாதாரப் பணியாளர், அதாவது டென்டல் ஹைஜீனிஸ்ட், இவரினின்றும் வேறானவர். பற்களில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது, பற்களைத் துப்புரவு செய்து மெருகிடுவது, பல்லையும் ஈற்றையும் பேணும் முறையை மக்களுக்குக் கற்பிப்பது ஆகிய மூன்றையும் செய்ய அவருக்கு உரிமை உண்டு. மூன்றாமவர் டென்டல் மெக்கானிக். இவர் நோயாளியைக் காண்பதே அரிது. மருத்துவர் எடுத்தனுப்பும் அச்சைக் கொண்டு பட்டறையில் பொய்ப்பற்களையும், பல்லின்மேல் பூட்டும் உறைகளையும், கோணற்பல்லை நேராக்கும் சாதனங்களையும் செய்து தருபவர் இவரே.

1948 ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம், பல் மருத்துவர், பல் சுகாதாரப் பணியாளர், டென்டல் மெக்கானிக் என்னும் மூவரை மட்டுமே வரையறுத்தது. அச்சட்டத்தின்படி 1949 இல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது; மாநிலங்களில் பதிவேடுகள் ஏற்பட்டன. உதவியாளருக்கு அப்பதிவேட்டில் இடம் இல்லை என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்துக. பின்னால் நாம் கூறவிருக்கும் எச்சரிக்கைகளுக்கு இதுவே அடிப்படை. 1948 சட்டத்தின் இடத்தில் புதிதாக அமைவதற்கென்று தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023 இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆதலின் பிள்ளையைச் சேர்க்கும் நாளில் எந்த அமைப்பின் அங்கீகாரம் செல்லுபடியாகும் என்பதையும் உசாவுதல் வேண்டும்.

தொழில் பிறந்த வரலாறு

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்னும் பல் மருத்துவர் 1885 இல் ஒரு பெண்ணைத் தம் அறையில் உதவிக்கு அமர்த்திக்கொண்டார். அக்காலத்தில் பெண்கள் துணையின்றிப் பல் மருத்துவரிடம் செல்லத் தயங்கினர்; அறையில் ஒரு பெண் இருக்கிறார் என்றதும் தயக்கம் நீங்கிற்று. உதவியாளர் தொழில் இவ்வாறு நோயாளியின் கூச்சத்தைப் போக்கும் பொருட்டுத் தொடங்கி, பின்னர் நுட்பமான கைத்தொழிலாக வளர்ந்தது. நம் கிராமத்துப் பெண்களுள் இன்றும் இக்கூச்சம் உடையவர் பலர் என்பதை நினைத்தால், இத்தொழிலின் தேவை எளிதில் விளங்கும்.

பல் சுகாதாரத் தொழிலின் கதை இன்னும் சுவையானது. கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்பிரட் போன்ஸ் என்பவர் பல் மருத்துவராக இருந்தார். சொத்தை விழுந்தபின் பல்லை அடைப்பதிலும் பிடுங்குவதிலும் வாழ்நாளைக் கழிப்பதைவிட, சொத்தை விழாமல் காப்பதே அறிவுடைமை என்பது அவர் கொள்கை. ஆனால் ஊரார் அனைவருடைய பற்களையும் மருத்துவர் ஒருவரே துப்புரவு செய்துகொண்டிருத்தல் இயலுமா? ஆகவே 1906 இல் தம் உதவியாளரும் உறவினருமான ஐரீன் நியூமன் என்னும் பெண்மணிக்கு அப்பணியைப் பயிற்றினார். 1913 இல் தம் வீட்டு வண்டிக் கொட்டகையையே பள்ளிக்கூடமாக்கி வகுப்புத் தொடங்கினார். 1914 இல் அங்குப் பயின்று தேறிய 27 பெண்களுள் பலர் அந்நகரத்துப் பள்ளிக்கூடங்களில் அமர்த்தப்பெற்று, சிறுவர் சிறுமியரின் பற்களைத் துலக்கவும் துலக்கும் முறையைக் கற்பிக்கவும் தலைப்பட்டனர். பல் நர்ஸ் என்ற பெயர் நோயை நினைவூட்டுவதாக இருக்கிறதென்று கருதி, சுகாதாரத்தை நினைவூட்டும் பெயரைப் படைத்தவரும் போன்ஸே. 1915 இல் அம்மாநிலச் சட்டம் இத்தொழிலை ஏற்றது. 1917 இல் முதல் உரிமம் ஐரீன் நியூமனுக்குக் கிடைத்தது.

நியூசிலாந்து வேறு வழியில் சென்றது. முதல் உலக யுத்தத்தின்போது பட்டாளத்துக்கு ஆள் எடுக்கையில் இளைஞர் பலரின் பற்கள் கெட்டிருந்ததைக் கண்டு அந்நாடு திடுக்கிட்டது. தாமஸ் ஹன்டர் என்பவரின் முயற்சியால் 1921 இல் வெலிங்டனில் பள்ளிப் பல் நர்ஸ்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி தொடங்கிற்று. அவர்கள் சிறு பிள்ளைகளின் சொத்தையை அடைக்கவும் பாற்பல்லை எடுக்கவும் அனுமதிக்கப்பட்டனர். அதே முறையில் 1949 இல் மலாயாவின் பினாங்கில் ஒரு பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. இலங்கையில் மகரகமையிலும் நிறுவினர். நம் நாடு அம்முறையை மேற்கொள்ளவில்லை. இங்குச் சுகாதாரப் பணியாளர் பல்லைக் குடையவோ, பிடுங்கவோ, மரப்பு ஊசி போடவோ கூடாது.

நம் நாட்டில் பல் மருத்துவக் கல்விக்கு வித்திட்டவர் டாக்டர் ரபியுத்தீன் அகமது. 1920 இல் கல்கத்தாவில் அவர் தொடங்கிய கல்லூரியே முதலாவது. சென்னையில் 1953 இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தோன்றியதே இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. சிதம்பரத்தில் 1980 இல் தோன்றிய கல்லூரி பிற்பாடு அரசின் பொறுப்பில் வந்தது. புதுக்கோட்டையில் 2023 இல் மற்றொரு அரசுக் கல்லூரி திறக்கப்பட்டது. நமக்கு அருகில் மதுரையிலும், திருநெல்வேலி மாவட்டத்துக் காவல்கிணற்றிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பல் மருத்துவப் பட்டம் கற்பிக்கும் கல்லூரிகள் அனைத்திலும் சுகாதாரப் பணியாளர் வகுப்பு இருக்கும் என்று கருதிவிடலாகாது. எக்கல்லூரிக்கு அவ்வகுப்பு நடத்த அனுமதி உண்டு என்பதை ஆண்டுதோறும் விசாரித்தே அறிதல் வேண்டும்.

வகுப்பில் கற்பிக்கப்படுவன

பாற்பற்கள் 20, நிலைப்பற்கள் 32 என்பதில் பாடம் தொடங்குகிறது. ஒவ்வொரு பல்லுக்கும் உலகெங்கும் வழங்கும் இரண்டிலக்க எண் உண்டு. முதல் இலக்கம் வாயின் நான்கு பகுதிகளுள் எது என்பதையும், இரண்டாம் இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் குறிக்கும். மருத்துவர் 'மூன்று, ஆறு' என்று சொன்னால், இடப்புறத்துக் கீழ்த்தாடையில் ஆறாவதாக நிற்கும் கடைவாய்ப்பல் என்று உதவியாளர் உடனே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுவதில் பிழை நேர்ந்தால் நல்ல பல் போய்ச் சொத்தைப் பல் நின்றுவிடும். பாவில் இழை எண்ணத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இக்கணக்குக் கடினம் ஆகாது.

அடுத்தது கிருமி நீக்கம். உதவியாளரின் தொழிலில் உயிர்நாடி இதுவே என்பது எமது கருத்து. கருவிகளைக் கொதிநீரில் போட்டெடுத்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். சில கிருமிகள் வித்துறை என்னும் தடித்த போர்வைக்குள் ஒடுங்கிக் கொதிநீரையும் தாங்கிவிடும். அவற்றையும் அழிக்க வல்லது ஆட்டோகிளேவ் என்னும் நீராவிப் பாத்திரம். நம் அடுக்களைப் பிரஷர் குக்கரும் அதுவும் ஒரே தத்துவத்தில் இயங்குவன. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் 121 டிகிரி சென்டிகிரேடை எட்டும். அவ்வெப்பத்தில் 15 முதல் 20 நிமிஷம் இருந்தாலன்றிக் கருவி சுத்தமாயிற்று என்று கொள்ளலாகாது. அதற்கு முன் இரத்தமும் எச்சிலும் ஒட்டாதபடி தேய்த்துக் கழுவுதல், பொதிந்து கட்டுதல், தேதியிடுதல் எல்லாம் உண்டு. ஒரு நோயாளியின் மஞ்சட்காமாலைக் கிருமி மற்றொருவரின் வாய்க்குச் செல்வதும் செல்லாததும் இப்பெண்ணின் கவனத்தைப் பொறுத்தது. மருத்துவர் திறமையானவரா என்று விசாரிக்கும் நாம், கருவியைச் சுத்திகரிப்பவர் யார் என்று விசாரிப்பதில்லை.

பின்னர் பண்டங்களைக் கலக்கும் பாடம். பல்லின் அச்சை எடுப்பதற்கு ஆல்ஜினேட் என்னும் பொடியைத் தண்ணீரில் குழைப்பார்கள். அது கடற்பாசியினின்றும் பெறப்படுவது. மன்னார் வளைகுடாக் கரையில் நம் மீனவப் பெண்கள் சேகரிக்கும் பழுப்புநிறப் பாசி இனங்களும் ஆல்ஜினேட் தருவனவே. குழைத்த சில நிமிஷங்களில் அது இறுகும். இறுகிய அச்சைக் காயவிட்டால் சுருங்கி அளவு தவறும். ஆகவே உடனே பாரிஸ் சாந்தை ஊற்றிப் பிரதி எடுத்தல் வேண்டும். தண்ணீரின் அளவு, வெப்பம், குழைக்கும் வேகம் ஆகியவை கைப்பழக்கத்தால் வருவன. புத்தகத்தால் மட்டும் வாரா. எக்ஸ்ரே படம் எடுக்கும்போது காரீயக் கவசம் அணிவித்தல், எட்ட நிற்றல் முதலிய காப்பு முறைகளும் கற்பிக்கப்படும்.

சுகாதாரப் பணியாளருக்கு இவற்றோடு உடற்கூறு, உடலியக்கம், நுண்ணுயிரியல், உணவியல், மக்கள் சுகாதாரம் ஆகியவையும் உண்டு. அவருடைய சிறப்புப் பாடம் பற்காரை பற்றியது. உண்டபின் பல்லின்மேல் கிருமிகள் கூடி ஒரு வழுவழுப்பான படலத்தை உண்டாக்குகின்றன. வெல்லம், சர்க்கரை ஆகியவை கிடைத்ததும் அக்கிருமிகள் புளிப்பை உண்டாக்கும். அப்புளிப்பு மிகும்போது பல்லின் மேலுறையாகிய எனாமல் சிறிது சிறிதாகக் கரையும். ஒருமுறை இனிப்புத் தின்றால் ஏறத்தாழ அரைமணி நேரம் இப்புளிப்பு நிலை நீடிக்கும். ஆகவே தின்ற அளவைவிட எத்தனை முறை தின்றோம் என்பதே பல்லுக்கு முக்கியம். துலக்காமல் விட்ட படலத்தில் எச்சிலில் உள்ள சுண்ணச்சத்து ஏறி, சில நாட்களிலேயே கல்லாக இறுகத் தொடங்கும். அதுவே பற்காரை. எச்சில் சுரக்கும் வாயில்கள் கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேற்கடைவாய்ப் பற்களின் கன்னப்புறத்திலும் இருப்பதால், அவ்விடங்களில் அது மிகுதியாகப் படியும். தூரிகைக்கோ குச்சிக்கோ அது அசையாது. கருவியால் சுரண்டியே எடுத்தல் வேண்டும்.

காரையை எடுத்தால் பற்கள் ஆட்டங் கொடுக்கும், இடைவெளி விழும் என்று நம் ஊர்களில் ஒரு பயம் நிலவுகிறது. உண்மை யாதெனில், காரை ஈற்றைத் தின்று பல்லின் பிடிப்பைத் தளர்த்திய பிறகும், அக்காரையே இடுக்குகளில் நிறைந்து பற்களை ஒட்டவைத்ததுபோல் தோன்றச் செய்கிறது. அதை நீக்கியதும் முன்னரே ஏற்பட்டிருந்த தளர்ச்சி வெளிப்படுகிறது. காலம் தாழ்த்தியவர் கருவியைக் குறை கூறுகிறார். இதை நோயாளிக்கு அவருடைய பேச்சிலேயே, பொறுமையாக விளக்கத் தெரிந்த பணியாளரே சிறந்த பணியாளர். காரையைச் சுரண்டும் திறனுக்குச் சற்றும் குறையாதது இத்திறன்.

கரிசற் பூமியும் வாய்நோயும்

இப்படிப்புக் கற்ற ஒரு பெண் நம் பகுதியிலேயே பணி செய்வாளாயின், அவள் காண்பவை யாவை? முதலாவது, பல்லில் பழுப்புக் கறை. குடிநீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். பல் உருவாகும் சிறு வயதில் மிகுதியான ஃபுளோரைடு உள்ள நீரைக் குடித்தவர்களின் பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் நிலைத்துவிடும். அமெரிக்காவில் கொலராடோ மலைப்பகுதி ஊரொன்றில் இக்கறையை ஆராயத் தொடங்கிய பிரெடரிக் மெக்கே என்னும் பல் மருத்துவர் பல ஆண்டுகள் அலைந்த பிறகு, 1931 இல் தான் காரணம் ஃபுளோரைடு என்று துலங்கிற்று. நம் நாட்டில் 1937 இல், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் இந்நோய் முதன்முதலாக ஆராய்ந்து வெளியிடப்பட்டது. உழவு மாடுகள் நடக்கமாட்டாமல் முடங்கியதைக் கண்ட விவசாயிகளே அங்கு இதை முன்னதாக உணர்ந்தவர்கள் என்பர். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்நோயைத் தணிக்கவே 2013 இல் செயலுக்கு வந்தது. நம் வட்டாரத்திலும் ஆழ்குழாய்க் கிணற்று நீரை நம்பியுள்ள ஊர்கள் நீரைச் சோதித்தறிதல் நன்று. இக்கறை காரை அன்று. எத்தனை முறை சுரண்டினாலும் போகாது. கல்யாணத்துக்கு முன் பெண்ணின் பல்லை வெளுக்க வேண்டுமென்று பணத்தைக் கொட்டும் தாய்மாருக்கு இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இரண்டாவது, தொழிலால் வரும் தேய்வு. தறியில் இழையறுந்தபோது முடிச்சிட்டு மிகுந்த நூலைப் பல்லால் கடித்து அறுப்பது நெசவாளர் வழக்கம். தையற்காரரும் இதையே செய்வர். ஆண்டாண்டாகக் கடித்த முன்பல்லில் சிறிய காடி விழுவதைப் பல் மருத்துவ நூல்கள் தொழிற்தேய்வு என்றே குறிக்கின்றன. ஒரு கத்தரிக்கோலின் விலை அற்பம். பல்லின் விலை அவ்வாறு அன்று. மேனாட்டு ஆலைகளில் நாடாவின் கண்ணில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்கும் பழக்கம் இருந்தது. ஒருவர் வாய் வைத்த நாடாவில் மற்றொருவரும் வாய் வைப்பதால் நோய் பரவுகிறதென்று மாசசூசெட்ஸ் மாநிலம் 1911 இல் அதைச் சட்டத்தால் தடுத்தது.

தீப்பெட்டித் தொழில் நிறைந்த கோவில்பட்டியார் அறியவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைப் பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சி செய்த நாடுகளில், அதன் ஆவி தாடை எலும்பையே அழுகச் செய்தது. பல்வலி என்று தொடங்கித் தாடையை அறுத்தெடுப்பதில் முடிந்த கொடுமை அது. 1906 இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி அப்பொருளைத் தடுக்க உடன்பட்டன. இந்தியாவில் 1913 இல் தடைச் சட்டம் வந்தது. நம் தீப்பெட்டிகளின் உரசுபட்டையில் உள்ளது சிவப்புப் பாஸ்பரஸ். அதனால் அந்நோய் வருவதில்லை. எனினும் தொழிலாளரின் வாயைச் சோதிப்பது தொழிற்சுகாதாரத்தில் எவ்வளவு பெரிய அங்கம் என்பதற்கு இதுவே சான்று.

நம் ஊரின் பெருமையான கடலைமிட்டாயையும் சொல்லாது விடலாகாது. 2020 இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. அதன் சுவையை யாம் குறை கூறவில்லை. வெல்லப்பாகு கடைவாய்ப் பல்லின் குழிகளில் ஒட்டிக்கொள்ளும் தன்மையது. தின்றவுடன் வாயைக் கொப்பளிக்கும்படி குழந்தைகளைப் பழக்கினால் போதும். ஆலங்குச்சியையும் கருவேலங்குச்சியையும் முன்னோர் போற்றியது சரியே. மென்று நாராக்கி மெதுவாகத் தேய்த்தால் அவை நல்லனவே. செங்கற்பொடி, அடுப்புக்கரி, மணல் ஆகியவற்றால் அழுத்தித் தேய்ப்பதுதான் எனாமலை அராவிவிடுகிறது. புகையிலையை வாயில் அடக்கும் வழக்கம் உள்ளவர்களின் கன்னத்தில் ஆறாத வெண்திட்டோ புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் நிற்குமாயின் அதைப் புறக்கணித்தல் ஆபத்து. காரை எடுக்க வாயைத் திறக்கச் சொல்லும் பணியாளரே பெரும்பாலும் அதை முதலில் காண்பவர்.

அங்கீகாரமும் வேலையும்

சுகாதாரப் பணியாளர் பாடம் இரண்டாண்டுக் காலத்தது. டென்டல் மெக்கானிக் பாடமும் அவ்வாறே. சுகாதாரப் பாடத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், இரசாயனம், உயிரியல் பயின்றிருத்தல் வேண்டும். பல் மருத்துவப் பட்டத்துக்கு எழுதும் நீட் தேர்வு இதற்குத் தேவையில்லை. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பயின்று தேறியவர் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிந்துகொண்ட பின்னரே தொழில் செய்யலாம். ஐ.டி.ஐ.களில் கற்பிக்கப்பெறும் பல் ஆய்வகச் சாதனத் தொழிற்பிரிவும் உண்டு. ஆனால் அது கவுன்சில் பதிவுக்குரிய பாடத்தினின்றும் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கூறி மாணவரைச் சேர்ப்பார் உண்டாயின் நம்பவேண்டா.

உதவியாளருக்கோ பதிவேடு இல்லாமையால், எவரும் எவருக்கும் சான்றிதழ் அளித்துவிடக் கூடிய நிலை இருக்கிறது. மூன்று மாதத்தில் டிப்ளமா, ஆறு மாதத்தில் டிப்ளமா, நூற்றுக்கு நூறு வேலை என்றெல்லாம் விளம்பரங்கள் வருவது இதனாலேயே. தேசியத் திறன் பயிற்சித் திட்டத்தின்கீழ் உதவியாளருக்குரிய பாடத் தகுதி வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பின்பற்றும் பயிற்சிக்கு ஓரளவு மதிப்பு உண்டு. மற்றவை வெறுங் காகிதம். தனியார் மருத்துவர் பலர் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த பெண்ணைச் சம்பளம் கொடுத்து அமர்த்தித் தாமே பயிற்றிக்கொள்கிறார்கள் என்பதையும் மறத்தல் ஆகாது. சம்பளம் கொடுத்துக் கற்பிப்போர் ஊரில் இருக்க, பெருந்தொகை கட்டிக் காகிதம் வாங்குவது எதற்கு?

சுகாதாரப் பணியாளரின் வேலை வாய்ப்பைப் பற்றியும் உள்ளதை உள்ளவாறு கூறுதல் கடமை. நம் நாட்டில் முந்நூறுக்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் ஆண்டுதோறும் மருத்துவர்களை வெளியேற்றுகின்றன. நகரங்களில் இளம் மருத்துவர்கள் மிகுந்திருப்பதால் காரை எடுக்கும் வேலையை அவர்களே செய்துகொள்கிறார்கள். தனியே ஒரு பணியாளரை வைத்துக்கொள்வோர் குறைவு. பல் மருத்துவக் கல்லூரிகள், பெரிய மருத்துவமனைகள், 1941 இல் தொடங்கிய இராணுவப் பல் மருத்துவப் பிரிவு ஆகியவற்றில் இடங்கள் உண்டு. 2014-15 இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வாய்நலத் திட்டம், மாவட்ட மருத்துவமனை முதலியவற்றில் பல் மருத்துவரோடு சுகாதாரப் பணியாளரையும் உதவியாளரையும் ஒப்பந்த முறையில் அமர்த்துவதற்கு வழி செய்தது. நமது மாவட்டத் தலைமை மருத்துவமனை கோவில்பட்டியிலேயே அமைந்திருக்கிறது. அத்தகைய பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை என்று அங்கத்தினர்கள் சங்கத்தின் வாயிலாகவே எழுதிக் கேட்கலாம். பள்ளிகளில் சுகாதாரப் பணியாளரை அமர்த்துவது ஒரு நூற்றாண்டுக்கு முன் பிரிட்ஜ்போர்ட் நகரம் செய்தது. கிராமப் பள்ளிகள் நிறைந்த இவ்வட்டாரத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை என்பது எமது துணிபு.

அயல்நாட்டு ஆசை காட்டுவோரிடமும் ஜாக்கிரதை வேண்டும். அமெரிக்காவில் இத்தொழில் நல்ல ஊதியம் உடையது என்பது மெய். ஆனால் அங்குச் சமூகக் கல்லூரி அல்லது தொழில்நுட்பக் கல்லூரியில் அங்கீகரிக்கப்பட்ட பாடத்தை முடித்து, தேசியத் தேர்வும் எழுதி, மாநில உரிமமும் பெற்றாலன்றி நோயாளியின் வாயில் கை வைக்க முடியாது. இங்குப் பெற்ற சான்றிதழ் அங்கு நேரே செல்லாது.

டென்டல் மெக்கானிக் பாடத்தை விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. நெசவாளர் பிள்ளைகளுக்கு அதுவே ஏற்றது என்று எமக்குத் தோன்றுகிறது. மெழுகில் பல்லைச் செதுக்கி, நிறம் பொருத்தி, அணுவளவும் பிசகாமல் வார்ப்பது விரல் நுட்பம் வேண்டும் வேலை. கண்ணும் கையும் பழகியவர் ஒரு பட்டறையை ஏற்படுத்திக்கொண்டு பல மருத்துவர்களுக்கு வேலை செய்து கொடுக்கலாம். நாலைந்து பேர் கூடித் தொழிற் கூட்டுறவுச் சங்கமாகவே அமைத்துக்கொள்வதற்கும் இத்தொழில் இடம் தருவது.

சேர்ப்பதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் எழுத்து மூலமாகப் பெறவேண்டியவை சில. பாடத்துக்கான அனுமதி ஆணையின் பிரதி, இவ்வாண்டு அனுமதிக்கப்பெற்ற இடங்களின் எண்ணிக்கை, சம்பளம் தவிர்த்த பிற கட்டணங்கள், முன்னாண்டுகளில் தேறியவர்கள் மாநிலக் கவுன்சிலில் பதிந்திருக்கிறார்களா என்னும் விவரம் ஆகியவற்றைக் காட்டத் தயங்கும் இடத்தில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டா. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்ற பெண்களின் மேற்படிப்புக்கு மாதம் 1000 ரூபாய் அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022 இல் தொடங்கிற்று. இப்பாடத்துக்கு அது பொருந்துமா என்பதைச் சேரும் ஆண்டில் பள்ளித் தலைமையாசிரியரிடமும் கல்லூரியிலும் கேட்டறிக. பயிற்சியில் சேருமுன் பிள்ளைக்கு மஞ்சட்காமாலை பி வகைக்கான தடுப்பூசி போட்டிருத்தல் வேண்டும். முதல் ஊசி போட்ட ஒரு மாதத்தில் இரண்டாவதும், ஆறு மாதத்தில் மூன்றாவதும் போடுவது முறையாதலால், தேர்வு எழுதிய கையோடு தொடங்கினாலும் மூன்றாவது ஊசி கல்லூரி திறந்த பின்னரே விழும். பத்தாம் வகுப்பு முடித்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், பதினோராம் வகுப்பில் வணிகவியலையோ உயிரியல் இல்லாத கணிதப் பிரிவையோ எடுத்துவிட்டால் சுகாதாரப் பாடத்தின் கதவு அன்றே அடைபட்டுவிடும் என்பதை இப்போதே கவனித்துக்கொள்க.